மூச்சு 44: யாருடைய மூச்சு?

இரவு டூட்டியில் இருந்தபோது ஒரு போன் வந்தது. கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பேசினாள். "அக்கா, ஒரு கேஸ் வந்திருக்கு. மூச்சு நிமிஷத்துக்கு 44. என்ன செய்யட்டும்?"

"யாருக்கும்மா?" என்று கேட்டேன். வயதைச் சொல்ல மறந்துவிட்டாள். பதற்றத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான்.

பிறந்து மூன்று நாளான சிசுவுக்கு 44 என்றால் கவலை இல்லை. சிசுவின் மூச்சு நிமிடத்துக்கு 30-லிருந்து 60-க்குள் எங்கேயும் இருக்கலாம். எட்டு மாதக் குழந்தைக்கும் பரவாயில்லை. இரண்டு மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு 50-ஐத் தொட்டால்தான் வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் அந்த எல்லை 40. அதாவது இருமலோடு வந்த இரண்டரை வயதுப் பிள்ளைக்கு 44 என்றால் நிமோனியாவாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். எழுபது வயதுத் தாத்தாவுக்கு 44 என்றால் போனில் பேசிக்கொண்டிருக்கவே நேரம் கிடையாது. பெரியவர்களின் மூச்சு 12-லிருந்து 20-க்குள் இருக்க வேண்டியது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டரை வயதுப் பையனை. "ஸ்வெட்டரைக் கழற்றிட்டு, மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுதான்னு பாரு" என்றேன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர். அந்த ஊர்க் குளிருக்கு அது அதிகமும் இல்லை. கழற்றிப் பார்த்தாள், குழி விழுந்தது. டாக்டரிடம் சொல்லி, 108-க்குச் சொல்லி, பையன் மலைப்பாதையில் பத்திரமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான்.

நர்சிங்கில் முதலாம் ஆண்டு சேரும் பிள்ளைகள் 'அசெஸ்மென்ட்', அதாவது நோயாளியின் நிலையை மதிப்பிடுவது, என்றதும் தெர்மாமீட்டரையும் பி.பி. மெஷினையும் நினைத்துக்கொள்கிறார்கள். எண்ணை எடுப்பது பாதி வேலைதான். இந்த வயதில், இந்த ஆளுக்கு, இந்த ஊரில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. அந்த மீதியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். வீட்டில் கைக்குழந்தையோ வயதான அம்மாவோ இருப்பவர்களுக்கும் இது உதவும்.

பாடத்தில் ஐந்து படி சொல்வார்கள்: நோயாளியைப் பார்த்து, கேட்டு, தொட்டு விவரம் சேர்ப்பது, அதிலிருந்து இவருக்கு என்ன பிரச்சினை என்று தீர்மானிப்பது, என்ன செய்வது என்று திட்டமிடுவது, செய்வது, செய்ததால் பலன் கிடைத்ததா என்று திரும்பப் பார்ப்பது. எழுதும்போது ஐந்து படி, வார்டில் ஒரு வட்டம். திரும்பப் பார்ப்பதே அடுத்த அசெஸ்மென்ட்டின் தொடக்கம். டாக்டரும் நோயாளியைப் பார்க்கிறார், நாமும் பார்க்கிறோம், என்ன வித்தியாசம் என்று மாணவிகள் கேட்பார்கள். 'நிமோனியா' என்பது டாக்டரின் முடிவு. 'சளியை இருமி வெளியே தள்ள இவருக்குத் தெம்பில்லை, தனியாக எழுந்தால் விழுந்துவிடுவார், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை' என்பது நம்முடையது. நிமோனியா ஒன்றுதான். ஆனால் கைக்குழந்தைக்கும் கல்லூரிப் பையனுக்கும் பாட்டிக்கும் இந்த இரண்டாவது பட்டியல் ஒரே மாதிரி வராது.

தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். வார்டு வாசலில் நின்றபடி பத்து விநாடி பார்த்தாலே நிறையத் தெரிந்துவிடும். முகத்தில் நிறம் எப்படி, மூச்சுக்கு முட்டுகிறதா, எழுந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரா, குழந்தை என்றால் சுற்றிலும் வேடிக்கை பார்க்கிறதா, அம்மா தோளில் துவண்டு கிடக்கிறதா. அழுகிற குழந்தையைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. ஊசி எடுத்துக்கொண்டு போகும்போதும் அழாமல் பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தைதான் என்னைப் பயமுறுத்தும்.

மலையில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. அதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பயிற்சிக் காலத்தில், ஒரு டிசம்பர் காலையில், தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 82 காட்டியது. கை கால் ஓடாமல் டாக்டரை எழுப்ப ஓடினேன். வழியில் சீனியர் சிஸ்டர் நிறுத்தி, "அந்தம்மா பேசுறாங்களா?" என்று கேட்டார். "பேசுறாங்க, டீ கேட்டாங்க." சிஸ்டர் வந்து உட்கார்ந்தார், அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார், விரல் நுனியில் இருந்த மருதாணிக் கறையைப் பார்த்து வேறு விரலுக்கு மாற்றினார். 95. என்னைத் திட்டவில்லை. "மெஷினைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மூஞ்சியைப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

குளிரில் விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். ஆக்சிமீட்டர் விரலில் துடிக்கிற ரத்தத்தை ஒளியால் பார்த்துக் கணக்கிடுகிறது. துடிப்பு சரியாகக் கிடைக்காவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். இதோடு உயரம் வேறு. ஊட்டி ஏறத்தாழ 2,200 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதனால் மேட்டுப்பாளையத்தில் 98, 99 காட்டுகிறவருக்கு ஊட்டியில் 95, 96 காட்டினால் அது சாதாரணம். ஆனால் சூடாக்கிப் பார்த்தும் 90, 89 என்று நின்றால் அந்தப் பழியை மலைமேல் போடக் கூடாது.

இதற்கு நேர்மாறான பொய்யும் உண்டு. குளிருக்காக மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துத் தூங்கிவிட்டு, காலையில் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று வருவார்கள். ஆக்சிமீட்டர் 98 என்று காட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. "ராத்திரி அறையில் கரி போட்டீங்களா? கூடப் படுத்திருந்தவங்களுக்கும் தலைவலியா?" என்று கேட்கும் கேள்விதான் அங்கே மெஷின்.

சரி, வயதுக்கு வருவோம்.

பிறந்த ஒரு நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் சிசுவுக்கு மார்க் போடுவார்கள். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் விறைப்பு, தொட்டால் சிணுங்குகிறதா, நிறம் என ஐந்துக்கும் தலா இரண்டு மார்க். வர்ஜீனியா ஆப்கர் என்ற மயக்கவியல் மருத்துவர் 1952-ல் வகுத்த கணக்கு இது. அதற்கு முன்னால் பிரசவ அறையில் எல்லோரும் தாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையையும் அதே நிமிடத்தில், ஒரு முறையோடு பார்க்க வைத்தது இந்த மார்க்தான்.

நம் ஊரில் அதற்கு அடுத்த கவலை குளிர். பெரியவர்களுக்குக் குளிர்ந்தால் நடுக்கம் வரும், அதிலே உடம்பு சூடாகும். சிசுவுக்கு அப்படி நடுங்கத் தெரியாது. கழுத்து, முதுகுப் பக்கம் சேர்த்து வைத்திருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். அதனால் குளிர்ந்துபோன சிசு 'குளிருகிறது' என்று எந்த விதத்திலும் சொல்லாது. பால் குடிப்பதை நிறுத்தும், துவளும், அப்புறம் மூச்சு தடுமாறும். வீட்டில் "பாப்பா சமர்த்தாத் தூங்குது" என்பார்கள்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் பார்க்க வழி இருக்கிறது. உங்கள் கையைச் சூடாக்கிக்கொண்டு, புறங்கையால் முதலில் குழந்தையின் வயிற்றைத் தொடுங்கள், அப்புறம் பாதத்தை. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் நல்லது. வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில்லிப்பு என்றால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில் என்றால் தோற்றுக்கொண்டிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரி. அக்குளில் வைத்துப் பார்த்தால் 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

கவனிப்பு என்று பார்த்தால், மிகச் சிறந்த கருவிக்குக் கரண்ட் கூட வேண்டாம். தாயின் நெஞ்சுதான் அது. டயபரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையைத் தாயின் வெறும் மார்பில், தோலோடு தோல் ஒட்ட வைத்து, மேலே சால்வை போர்த்துவது கங்காரு முறை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர்கள் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் எடை குறைந்த குழந்தைகளுக்காகத் தொடங்கியது. பொகோட்டாவும் நம்மைப் போலக் குளிர்ந்த மலை ஊர்தான். பாட்டிமார்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். "ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்றியா இந்தக் குளிர்ல?" என்பார்கள். அரை மணி நேரம் கழித்துப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் வாதம் முடிந்துவிடும். பிறந்த அன்றைக்கே தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டுவதை 24 மணி நேரமாவது தள்ளிப்போட வைப்பதுதான் கஷ்டம். அதில் நான் எப்போதும் ஜெயித்ததில்லை.

மூச்சு எண்ணுவது எப்படி என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் தப்பாக எண்ணுகிறார்கள். பால் குடிக்காத, அழாத நேரமாக இருக்க வேண்டும். துணியை விலக்கி வயிற்றைப் பாருங்கள்; கைக்குழந்தைக்கு மூச்சு வயிற்றில்தான் தெரியும். வயிறு மேலே எழுவது ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தையிடம் செல்லாது. சிசு சில விநாடி வேகமாக மூச்சு விட்டு, சில விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். எந்தப் பதினைந்து விநாடியை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும். அந்த நிறுத்தம் 20 விநாடி நீண்டாலோ, நீலம் பாய்ந்தாலோ அது ஆபத்து. அப்படியே உச்சிக்குழியையும் விரல் வைத்துப் பாருங்கள். முன் உச்சிக்குழி மூட ஒன்று, ஒன்றரை வயதாகும். வயிற்றுப்போக்கு குழந்தைக்கு அது உள்ளே குழிந்திருந்தால் உடம்பில் நீர் இல்லை; அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் போதும் புடைத்திருந்தால் தலைக்குள் அழுத்தம்.

நடக்கத் தொடங்கிய பிள்ளையிடம் தலையிலிருந்து கால்வரை என்ற பாடப்புத்தக வரிசை எடுபடாது. நடுவில் காதுக்குள் டார்ச் அடித்தால் அதற்கப்புறம் அழுகைதான். அதனால் அம்மா மடியிலேயே இருக்க விட்டு, சத்தமில்லாமல் இருக்கும்போதே மூச்சை எண்ணி, ஸ்டெத் வைத்து நெஞ்சைக் கேட்டுவிட வேண்டும். காது, தொண்டை, வலிக்கிற இடம் எல்லாம் கடைசியில். ஸ்டெத்தை முதலில் பொம்மைக்கோ அம்மாவுக்கோ வைத்துக் காட்டினால் பாதிப் பிள்ளைகள் சம்மதிக்கும். மீதிப் பாதி எதற்கும் சம்மதிக்காது.

எடை பார்க்காமல் பிள்ளைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால்கூட ஒரு கிலோவுக்கு 10-லிருந்து 15 மில்லிகிராம் என்ற கணக்குதான். எடை பார்க்கும்போது அந்த மூன்று ஸ்வெட்டரையும் ஷூவையும் கழற்றுங்கள். பத்துக் கிலோப் பிள்ளை பதினொன்றாகத் தெரிந்தால் மருந்தும் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

வலியைக் கேட்பதும் வயதுக்கு வயது மாறும். பள்ளிக்கூடம் போகிற எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் "பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியல, உனக்கு எவ்வளவு?" என்று கேட்கலாம். மூன்று, நான்கு வயதுக்குச் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை வரைந்த படத்தைக் காட்டினால் விரல் வைக்கும். பேசாத குழந்தைக்கு முகம், கால் உதைப்பு, உடம்பின் முறுக்கு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று நாமே பார்த்து மார்க் போட வேண்டியதுதான்.

ஒரே நோய் வயதுக்கு வயது எப்படி முகம் மாற்றும் என்பதற்கு நம் மலையிலேயே ஓர் உதாரணம் உண்டு. அரிவாள் செல் ரத்தசோகை, ரத்தச் செல்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-ல் எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று அது. இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் இன்றும் இதை நினைவில் வைத்தே பார்க்க வேண்டும்.

பிறந்த குழந்தையிடம் இந்த நோய் ஒன்றும் காட்டாது. கருவில் இருந்தபோது உருவான வேறு வகை ஹீமோகுளோபின் இன்னும் ரத்தத்தில் இருப்பதால் அது காப்பாற்றும். ஆறு மாதம் ஆகும்போது அந்தக் காவல் குறையும். அப்போது முதல் அறிகுறி பெரும்பாலும் கைகால் விரல்களில் வரும் வீக்கம். குழந்தை எப்போதும் இல்லாமல் தொட்டாலே வீறிடும். "எங்கேயோ இடிச்சிருக்கும்" என்று தைலம் தடவிக்கொண்டிருப்பார்கள். சின்னப் பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கலாம். அது திடீரென்று ரத்தத்தைத் தேக்கிக்கொண்டால் முகம் வெளுத்துச் சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகும். இடது விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்க்க அம்மாவுக்கே சொல்லிக்கொடுப்போம். இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால், 'மழையில் நனைந்த காய்ச்சல், நாளைக்குப் பார்க்கலாம்' என்று வைத்துக்கொள்ளக் கூடாது. மண்ணீரல் கெட்டிருப்பதால் கிருமியோடு போராடும் சக்தி குறைவு; அன்றைக்கே காட்ட வேண்டும்.

அதே பிள்ளை பதினாறு வயதில் கால் எலும்பும் முதுகும் உடைவதுபோல வலிக்கிறது என்று வருவான். பல்ஸ் சாதாரணமாக இருக்கலாம், பி.பி. சாதாரணமாக இருக்கலாம், வலி நிஜம். அடிக்கடி வருகிறவன் என்பதால் 'நடிக்கிறான்' என்ற பேச்சு வார்டில் எழும். நானும் சின்ன வயதில் அதை நம்பியிருக்கிறேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அரிவாள் போல வளைந்த செல்கள் சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்வதால் வரும் வலி அது; அதை அளக்க அவன் வாயைத் தவிர வேறு கருவி இல்லை. தண்ணீர் குறைந்தாலும், குளிர் பட்டாலும், கிருமி தொற்றினாலும் அடைப்பு வரும். அதனால் முதலில் கம்பளி, குடிக்க வெதுவெதுப்பான ஏதாவது, டாக்டர் எழுதிய வலி மருந்து நேரம் தவறாமல். வீங்கிய இடத்தில் ஐஸ் மட்டும் வைக்கக் கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால் அது வேறு கட்டம், உடனே டாக்டர்.

வளரும் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே அனுப்பிவிட்டுப் பேசுங்கள். மாதவிடாய் எத்தனை நாள், சரியாகச் சாப்பிடுகிறாளா, வீட்டிலும் பள்ளியிலும் யாராவது தொல்லை கொடுக்கிறார்களா, தூக்கம் வருகிறதா. அம்மா பக்கத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்ல சிஸ்டர்"தான் பதில்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அந்த எல்லை 12. பி.பி. 140/90-ஐத் தொட்டால் விடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது இது: கர்ப்பத்தின் நடு மாதங்களில் பி.பி. இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். ஆரம்பத்தில் 96/60 இருந்த பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் 134/86 என்றால் எண் இன்னும் எல்லைக்குள்தான், ஆனால் அவள் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறாள் என்று பாருங்கள். அவளை அடுத்த மாதம் வரச் சொல்லாமல் அடுத்த சில நாளிலேயே வரச் சொல்வேன். தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இங்கே தலைவலி என்றாலே பனிக்காற்று பட்டது என்று மப்ளரைச் சுற்றிக்கொள்கிறார்கள்.

உழைக்கிற வயதுக்காரர்கள் தாமாக வருவதில்லை. கூலி போய்விடும் என்று தள்ளிப்போட்டுக் காய்ச்சல் ஏழாம் நாளில்தான் வருவார்கள். அவர்களிடம் எண் பெரும்பாலும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும். தினமும் மேடு ஏறி இறங்குகிறவரின் பல்ஸ் 54 என்றால் பயப்பட வேண்டாம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது தோலை. தேயிலைக் காட்டிலும் புதரிலும் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்பின் அடிப்பக்கம் எல்லாம் திரை போட்டு நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ் என்று சந்தேகம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் கடியால் வருவது. அந்தப் பொருக்கு வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளியே அதைப் பார்த்திருக்கமாட்டார். துணி விலக்கிப் பார்த்த நர்ஸ்தான் பல இடங்களில் முதலில் சொல்வது.

இனி வயதானவர்கள்.

முதல் சிக்கல், வயதே தெரியாது. ஒரு பாட்டி வந்திருந்தார். இலங்கையிலிருந்து திரும்பி வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 1964-ல் கையெழுத்தானதற்குப் பிறகு அப்படி வந்த குடும்பங்கள் நீலகிரியில் நிறைய. ஆதாரில் வயது 66. கூட வந்த மகள், "ராமேஸ்வரத்தில கப்பல் இறங்கினப்ப எனக்கு மூணு வயசுன்னு அம்மா சொல்லும்" என்றார். மகளுக்கே ஐம்பத்தைந்து இருக்கும். ஆதாரை நம்பினால் பாட்டி பதினோரு வயதில் பெற்றிருக்க வேண்டும். 75-க்கு மேல் என்று வைத்துக்கொண்டேன்.

மகள் சொன்ன குறை ஒரே வரி: "ரெண்டு நாளா அம்மா அம்மாவா இல்ல சிஸ்டர்." காய்ச்சல் 98.4. பல்ஸ் 88. பி.பி. 128/76. இருமல் இல்லை. பாட்டி என்னைப் பார்த்து எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பெட்ஷீட்டைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். "வயசாச்சுல்ல, மறதி வந்திருக்கும்" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெதுவாக வரும். இரண்டு நாளில் வந்தால், அதிலும் காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று ஏறி இறங்கினால், உடம்பில் வேறெங்கோ கோளாறு என்று பொருள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர் வற்றியது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, மாரடைப்புகூட. வயதானவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரும். வெறும் தளர்ச்சி, வெறும் மூச்சிரைப்பு. சோதிக்க ஓர் எளிய வழி, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது. மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கூடத் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிடுவார். திடீர்க் குழப்பத்தில் இருப்பவருக்கு அந்தக் கேள்வியிலேயே கவனம் நிற்காது. பாட்டி "சனி" என்றார், அப்புறம் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மூச்சை முழு நிமிடம் எண்ணினேன். 28. மற்ற எண் எல்லாம் அமைதியாக இருக்கும்போது இது ஒன்று மட்டும் தனியாக நின்றது. காய்ச்சல்? வயதானவர்களின் உடம்புச் சூடு இயல்பிலேயே குறைவாக இருக்கும். அவரவர் வழக்கத்தைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினாலே காய்ச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டும். மகள் கொண்டுவந்த பழைய சீட்டில் 96.2 என்று எழுதியிருந்தது. அப்படியானால் 98.4 அவருக்குக் காய்ச்சல்தான். பல்ஸ் ஏன் ஏறவில்லை? மாத்திரைப் பையை அப்படியே மேசையில் கொட்டச் சொன்னேன். வயதானவர் வந்தால் இதை எப்போதும் செய்யுங்கள், "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் "வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு" என்பார்கள். பையில் பி.பி.-க்கான மாத்திரை ஒன்று, பல்ஸை ஏறவிடாத வகை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா. ஆரம்பத்தில் சொன்ன பையனுக்கும் அதே நோய்தான். அவனுக்கு மூச்சும் நெஞ்சும் காட்டிக்கொடுத்தன. பாட்டிக்கு மகளின் ஒரு வரி.

ஆன்டிபயாடிக் டாக்டர் எழுதினார். மற்றது எங்கள் வேலை. சாய்ந்து உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், கஞ்சி. குழப்பத்தில் இருப்பவர் தண்ணீர் கேட்கமாட்டார். நாம்தான் வாயருகே கொண்டுபோக வேண்டும். நீர் வற்றியிருக்கிறதா என்று புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது இந்த வயதில் ஏமாற்றும், தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும். நாக்கையும் சிறுநீரின் அளவையும் பாருங்கள். வீட்டிலிருந்து கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னோம். பாதிக் குழப்பம் சில நேரம் பார்வை தெரியாததால் வருவதுதான். மகள் கைப்பிடித்தபடி பக்கத்தில் இருந்தார். ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும் என்று விட்டோம். ட்ரிப்ஸைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிவைப்பது சுலபமான வழி. கட்டினால் குழப்பம் கூடும், தள்ளாடி எழுந்து விழுவதும் கூடும். அதனால் ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் குழாய் மேல் துணி சுற்றி மறைத்தோம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கும்போது இடுப்பின் பின்பக்கத்தையும் குதிகாலையும் பார்ப்போம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம்மில் பலருக்குத் தோல் கறுப்பு, சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் தெரிய வேண்டும். முதல் தடவை எழுப்பி நிறுத்தும்போது படுத்த நிலையில் ஒரு பி.பி., நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு பி.பி. மேல் எண் 20 இறங்கினால், அல்லது கீழ் எண் 10 இறங்கினால், பாத்ரூமுக்குத் தனியாக அனுப்பக் கூடாது. பாட்டிக்கு 24 இறங்கியது.

எழுதும்போது மாணவிகள் 'நோயாளி நலமாக இல்லை', 'முன்னேற்றம் உள்ளது' என்று எழுதுகிறார்கள். அடுத்த டூட்டிக்கு வருகிறவளுக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், எத்தனை மணிக்கு, போன தடவை எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். நோயாளியோ வீட்டார்களோ சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதலாம். "அம்மா அம்மாவா இல்ல" என்பதை நான் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினேன். ரவுண்ட்ஸில் டாக்டர் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை, மகளைக் கூப்பிட்டுப் பேசினார்.

மூன்றாம் நாள் காலை மூச்சு 20-க்கு வந்திருந்தது. கிழமைகளைப் பின்னாலிருந்து கேட்டேன். புதனுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரு தடவை யோசித்து, ஏழையும் சொல்லிவிட்டார். வார்டு ஆயாம்மா கொண்டுவந்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "இதெல்லாம் ஒரு தூளா? கொழுந்து பறிச்ச கைம்மா இது, எங்கிட்டயேவா?"

காலை 7.10, மூச்சு 20, காய்ச்சல் 96.4 என்று எழுதி, கீழே இதையும் எழுதினேன்: 'டீ சரியில்லை என்று திட்டினார். வழக்கம்போல இருக்கிறார் என்று மகள் சொல்கிறார்.'